குணமா, நிலைமையா?

(இராமநாதபுரத்தில் மீனவர் சங்க ஊழியர்களுக்கு நடந்த அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)



ஒரு மனிதன் யோக்கியமாக நடந்துகொள்கிறான் என்றால், அதற்குக் காரணம் அவனுடைய குணமா, அல்லது அவன் வாழ்கிற நிலைமையா? இதுதான் இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம். கேட்பதற்குப் பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது. பட்டிமன்றமாக இருந்தால் கவலையில்லை. இரண்டு கட்சியும் பேசும், நடுவர் இருவரையும் மெச்சித் தீர்ப்புச் சொல்லுவார், எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் நமக்கு இது வேலைப் பிரச்னை. நாளைக்கு இராமேஸ்வரம் துறைமுகத்தில் ஒரு விசைப்படகுத் தொழிலாளியிடம் நாம் என்ன பேசப் போகிறோம்? பாம்பனில் ஒரு நாட்டுப்படகு மீனவரிடம் என்ன பேசப் போகிறோம்? இந்தக் கேள்விக்கு நாம் தருகிற பதிலைப் பொறுத்தே அந்தப் பேச்சும் அமையும்.

அக்கரையிலிருந்தும் ஒரு கேள்வி வருகிறது. யாழ்ப்பாணத்து மீனவர்களும் மன்னார் மீனவர்களும் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி அது. நீங்களும் தமிழர்கள், நாங்களும் தமிழர்கள். நீங்களும் மீன் பிடித்துப் பிழைக்கிறீர்கள், நாங்களும் அப்படியே. பின் எங்கள் வலையை ஏன் உங்கள் படகு அறுத்துக்கொண்டு போகிறது? இதற்கு நம் கரையில் மேடை போட்டு யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. கச்சத்தீவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் மடியைப் பற்றி ஒரு நிமிஷம் பேசுவதில்லை. நாம் பேச வேண்டும். தொழிலாளிகளுக்கு மத்தியில் வேலை செய்கிறவர்கள், தொழிலாளிகளுக்குக் கசப்பான விஷயத்தையும் சேர்த்தே பேச வேண்டியவர்கள்.

முதலில் அந்த மடி என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். கடற்கரையில் பிறந்த தோழர்களுக்கு இது தெரிந்ததுதான். ஆனால் பரமக்குடி, முதுகுளத்தூர்ப் பக்கத்துத் தோழர்களும் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மழையும் கண்மாயும் தெரியும், கடல் தெரியாது.

இழுவை மடி என்பது பை போன்ற ஒரு வலை. அதன் வாயை விரித்துப் பிடிக்க இரு பக்கமும் கனமான பலகைகள் உண்டு. அடியில் சங்கிலி. படகு ஓட ஓட, பலகையும் சங்கிலியும் கடலின் தரையை உரசிக் கிளறிக்கொண்டே வரும். சேற்றில் ஒண்டிக் கிடக்கிற இறால் எழும்பிப் பைக்குள் விழும். இறால் மட்டுமா விழும்? தரையிலே முளைத்த கடற்புல் பெயரும், முட்டை நசுங்கும், விரல் நீளம்கூட வளராத குஞ்சு அத்தனையும் பைக்குள் வரும். அந்தக் குஞ்சுக் குவியலுக்கு நம் ஊரில் சங்காயம் என்று பெயர். அதை உலர்த்திக் கோழித் தீவனத்துக்கும் மீன் தூளுக்கும் அனுப்புகிறார்கள். வளர விட்டிருந்தால் ஒரு குடும்பத்தின் சாப்பாடாகியிருக்கக் கூடியது, கோழித் தீவன விலைக்குப் போகிறது.

பாக் நீரிணை ஆழமில்லாத கடல். ஆழமற்ற கடலில் தரையைச் சுரண்டினால் மீனுக்கு ஒளிய இடம் கிடையாது. அக்கரை மீனவர்கள் இரவில் செவுள் வலையைக் கடலில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். அந்த வழியாக இழுவைப் படகு போனால் வலை மடியில் சிக்கிக் கிழிந்து போகும். லட்சக்கணக்கான ரூபாய்க் கடனில் வாங்கிய வலை அது. விடியற்காலையில் அந்த மனிதன் கடலில் மிதக்கிற மிதவைத் துண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இதைச் செய்கிற நம் தொழிலாளி கெட்டவனா?

தர்மோபதேசம் செய்கிற கனவான்கள் சட்டென்று ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். ஆசை கூடிவிட்டது, கடல் தாயை மதிக்கிற குணம் போய்விட்டது, பழைய நேர்மை இல்லை, நல்ல போதனை வேண்டும் என்பார்கள். கருத்தரங்கம் நடத்துவார்கள். படம் போட்டுக் காட்டுவார்கள். கடலோரக் கிராமத்துப் பள்ளிச் சுவரில் ஆமையும் பவளப்பாறையும் வரைந்து வைப்பார்கள். நல்ல ஓவியங்கள்தான், குறை சொல்லவில்லை.

ஆனால் இந்தக் கரை மக்களுக்குக் குணம் இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. 1983-ம் ஆண்டு ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் மீது படுகொலை அவிழ்த்து விடப்பட்டது. அதற்குப் பின் அலை அலையாக அகதிகள் படகேறி வந்து தனுஷ்கோடி மணலிலும் இராமேஸ்வரத்திலும் இறங்கினார்கள். சர்க்கார் லாரி வருவதற்கு முன்பு அவர்களுக்குத் தண்ணீரும் கஞ்சியும் கொடுத்தவர்கள் யார்? மாற்றுத் துணி கொடுத்தவர்கள் யார்? குடிசையில் இருந்த மீனவக் குடும்பங்கள்தான். அவர்களே அரை வயிற்றுக்காரர்கள். வந்தவன் எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்டுக் கஞ்சி ஊற்றவில்லை. மண்டபம் முகாமுக்கு அகதிகளைச் சர்க்கார் அனுப்பியது பிறகு நடந்த கதை. (அந்த மண்டபம் முகாமே ஒரு சரித்திரம். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற கூலித் தொழிலாளிகளை நோய்ச் சோதனைக்காக அடைத்து வைத்த இடம் அது. அதைப் பற்றித் தனி வகுப்பே நடத்தலாம்.)

நடுக்கடலில் எந்தப் படகு கவிழ்ந்தாலும் பக்கத்தில் இருக்கிற படகு வலையை விட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கும். இதற்குச் சட்டம் கிடையாது, கூலி கிடையாது. கவிழ்ந்தவன் ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் தூக்கத்தான் வேண்டும். இப்படிப்பட்ட மக்களுக்குத்தான் போதனை போதவில்லை என்று சொல்கிறார்கள்!

அதே கரை, அதே மக்கள். கஞ்சி ஊற்றிய கையும் மடி இழுக்கிற கையும் ஒரே ஊரின் கைகள். சில வீடுகளில் ஒரே மனிதனின் கைகள். குணம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் இதற்கு விளக்கம் சொல்ல முடியாது.

தங்கச்சிமடத்தில் ஒரு டிரைவர் தம்பியிடம் நாம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். "அண்ணே, வலை அறுபடுறது எனக்குத் தெரியாதா? மடி கனம் மாறும்போதே கையில தெரிஞ்சிரும். அந்த நேரத்துல எஞ்சினை நிறுத்திட்டு நான் கரைக்கு வந்தா, அடுத்த நடைக்கு என் எடத்துல வேற ஆளு நிப்பான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு மனச்சாட்சி இருக்கிறது. மடியின் கனம் மாறுகிற அந்த நிமிஷத்தில் அது அவரை உறுத்தவும் செய்கிறது. ஆனால் எஞ்சினை நிறுத்துகிற அதிகாரம் மனச்சாட்சிக்குக் கொடுக்கப்படவில்லை.

அந்த அதிகாரம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

இழுவை மடி நம் முன்னோர் செய்த தொழில் அல்ல. 1950-களில் சர்க்கார் மீன்பிடித் தொழிலை நவீனப்படுத்துகிறோம் என்று இறங்கியது. 1952-ல் ஒப்பந்தமாகி, 1953 முதல் கேரளத்தில் நீண்டகரையில் நடந்த இந்திய-நார்வே திட்டம் அதற்கு ஒரு முன்மாதிரி. முதலில் சொன்ன நோக்கம் மீனவனின் வாழ்வை உயர்த்துவது. நடுவிலே ஐப்பானும் அமெரிக்காவும் இறாலுக்கு நல்ல விலை கொடுக்கத் தொடங்கின. நோக்கம் திரும்பிவிட்டது. டாலர் வருகிறது என்றவுடன் விசைப்படகுக்கு மானியம், கடன், ஐஸ் பாக்டரி, ஏற்றுமதிக் கம்பெனி எல்லாம் வந்தன. கடலில் கால் வைத்தறியாத வியாபாரிகள்கூடப் படகு முதலாளிகளானார்கள். 1970-களில் நம் கரை நெடுகிலும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் மோதல் வெடித்தது. அதன் பயனாகத்தான் பாக் கடலில் வாரத்துக்கு மூன்று நாள் விசைப்படகு, மீதி நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு வந்தது. 1983-ம் ஆண்டு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையை ஒட்டிய 3 கடல் மைலை நாட்டுப்படகுகளுக்கென்று ஒதுக்கியது.

ஏற்பாடு நியாயமானது. ஆனால் நம் டிரைவர் தம்பியின் இடத்திலிருந்து அதைப் பாருங்கள். டோக்கன் கிடைப்பது வாரத்தில் மூன்று நாள். படகுக் கடனுக்கு வட்டி ஏழு நாளும் ஏறுகிறது. கரைப்பக்கம் 3 மைலுக்குள் போகக்கூடாது. மறுபக்கம் 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த எல்லைக் கோடு. நடுவிலே இருப்பது ஒரு குறுகலான கடல், அதுவும் பல பத்து ஆண்டுகளாக உழுது உழுது வெறும் சேறாகிவிட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் மீன் இருக்கிறது. 1983 முதல் 2009 வரை அங்கே யுத்தம் நடந்தது. அக்கரை மீனவர்களைக் கடலுக்குள் இறங்க ராணுவம் விடவில்லை. 26 வருஷம் ஆளில்லாத கடலில் நம் படகுகள் மேய்ந்தன. அந்தக் காலத்தில் தொழிலுக்கு வந்த பையனுக்கு அது அயலான் கடல் என்ற நினைப்பே இல்லை. யுத்தம் முடிந்து அக்கரை மீனவர்கள் தங்கள் கடலுக்குத் திரும்பி வந்தபோதுதான், அங்கே வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

கூலி முறையையும் கவனியுங்கள். விசைப்படகுத் தொழிலாளிக்குப் பெரும்பாலும் நிச்சயமான சம்பளம் கிடையாது, பங்கு. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மீதமானதில் படகுக்கும் எஞ்சினுக்கும் மடிக்கும் என்று முதலாளியின் பங்கு முதலில் போகும். பிறகு மிஞ்சுவதை டிரைவரும் மற்றத் தொழிலாளிகளும் பிரித்துக்கொள்ள வேண்டும். படகுக்குப் படகு கணக்கு மாறும், சாரம் ஒன்றுதான். பாடு இல்லையென்றால் கூலி இல்லை. ஆலையில் துண்டுக் கூலி முறை என்ன வேலை செய்கிறதோ, அதைக் கடலில் பங்கு முறை செய்கிறது. முதலாளி கரையில் உட்கார்ந்துகொண்டு "எல்லை தாண்டிப் போ" என்று கட்டளை போட வேண்டியதே இல்லை. தொழிலாளியின் வயிறே அந்தக் கட்டளையைப் போட்டுவிடுகிறது. மேலும், பங்கு என்கிற சொல் அவனைக் கூட்டாளி என்று எண்ண வைக்கிறது. படகிலே அவனுக்கு ஒரு ஆணியும் சொந்தமில்லை, கொள்ளையிலே மட்டும் கூட்டு!

இதோடு முன்பணம். படகு முதலாளியிடம் தொழிலாளி கல்யாணச் செலவுக்கு, வைத்தியச் செலவுக்கு வாங்கிய பணம். படகு முதலாளி ஏற்றுமதிக் கம்பெனியிடமும் கமிஷன் வியாபாரியிடமும் வாங்கிய பணம். வாங்கியவன் அவர்களுக்கேதான் மீனைக் கொடுக்க வேண்டும், அவர்கள் சொல்கிற விலைக்கே கொடுக்க வேண்டும். எஞ்சினை நிறுத்துகிற அதிகாரம் இந்தச் சங்கிலியில் மேலே மேலே ஏறிப் போய்விடுகிறது. யாரிடம் போய் நிற்கிறதோ அவர் கடலையே பார்ப்பதில்லை.

பிடிபட்டால் என்ன ஆகிறது? 2017-ல் இலங்கை தன் கடலில் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. 2018-ல் அந்நியப் படகுகளுக்கு அபராதத்தைப் பெருமளவு உயர்த்தியது. 2024 பிப்ரவரியில் படகோட்டிய தொழிலாளிகளுக்கு அங்கே நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. அதைக் கண்டித்து அந்த ஆண்டு கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கே நம் கரையிலிருந்து மக்கள் போகவில்லை. படகு போனால் முதலாளிக்கு நஷ்டம், வாஸ்தவம். ஆனால் சிறைக்குள் இருக்கிறவன் டிரைவர். அதற்கு முன்பு உயிரே போயிருக்கிறது. 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். மீன் பிடிக்கப் போனவனைச் சுடுவதற்கு எந்தச் சட்டத்திலும் நியாயம் கிடையாது. இதைச் சொல்லும்போது நம் குரல் ஒருபோதும் தாழக் கூடாது.

தோழர்களே, இதுவரை நாம் சொன்னதைக் கேட்டால் விஷயம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். நிலைமைதான் மனிதனை ஆட்டி வைக்கிறது, குணத்துக்கு இதில் வேலை இல்லை, பாவம் தொழிலாளி என்ன செய்வான் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நம் ஊழியர்களில் சிலரும் அப்படித்தான் பேசுகிறார்கள். அதுதான் மார்க்ஸியம் என்றும் நினைக்கிறார்கள்.

அது மார்க்ஸியம் அல்ல. அது முதலாளிக்கும் பிடித்த வாதம். நிலைமை, நிலைமை என்று தொழிலாளி சொன்னால், படகு முதலாளியும் அதையே சொல்வார்: எனக்குக் கடன். ஏற்றுமதிக் கம்பெனியும் சொல்லும்: எங்களுக்குச் சந்தைப் போட்டி. மந்திரியும் சொல்வார்: எங்களுக்கு நிதி நெருக்கடி. கடைசியில் கடல் பாழானதற்குக் காரணமே இல்லாமல் போய்விடும்! நிலைமையின் பிடி எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழுவதில்லை. ஒரு படகு கடனில் ஓட்டுகிறவனுக்கும், பல படகு வைத்துக்கொண்டு இன்னொரு படகு கட்டுகிறவருக்கும் ஒரே "நிலைமை" என்று சொன்னால் யார் நம்புவது?

இரண்டாவது சங்கதி இன்னும் முக்கியமானது. வறுமை ஒன்றே மனிதனை அழிவு வேலைக்குத் தள்ளுகிறது என்றால், பாம்பன் பக்கத்துப் பாசி எடுக்கும் பெண்களை எப்படி விளக்குவது?

பாம்பனிலிருந்தும் சின்னப்பாலத்திலிருந்தும் இன்னும் பல கிராமங்களிலிருந்தும் பெண்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் போய்க் கடற்பாசி எடுக்கிறார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்பு, கண்ணில் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான் சாதனம். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, பாறையில் வளர்ந்த மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள். மறுபடி முங்குவார்கள். பாறை கிழிக்கும், சொறி கொட்டும், சேலை காலைச் சுற்றும். அந்தப் பாசியிலிருந்துதான் அகர் எடுக்கிறார்கள். ஐஸ்கிரீமுக்கும் மருந்துக்கும் போகிறது. விலையை மட்டும் வியாபாரி நிர்ணயிக்கிறான். இராமேஸ்வரம் விசைப்படகுத் தொழிலாளியைவிட இவர்கள் வசதியானவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

1986-ல் 21 தீவுகளையும் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். பாட்டி காலத்திலிருந்து போய்வந்த தீவு ஒரே நாளில் தடை செய்யப்பட்ட இடமாயிற்று. தொழிலுக்குப் போனவள் குற்றவாளியானாள். வனக் காவலர்கள் விரட்டினார்கள், பாசியைப் பறித்தார்கள், வழக்குப் போட்டார்கள். பவளப்பாறையைக் கெடுக்கிறவர்கள் இவர்கள்தான் என்று அதிகாரிகள் பேசினார்கள். (அதே காலத்தில் ஓர் அமெரிக்கக் குளிர்பானக் கம்பெனியின் ஊக்கத்தில் வெளிநாட்டுப் பாசி ஒன்று மண்டபம் கரையில் வளர்க்கப்பட்டு, அது குருசடைத் தீவின் பவளப்பாறை மீது ஏறிப் படர்ந்ததை 2008-ல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். கம்பெனியின் ஒழுக்கத்தைப் பற்றி யாரும் கருத்தரங்கம் நடத்தியதாக நமக்குத் தெரியவில்லை.)

அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? கிராமம் கிராமமாகக் கூடி உட்கார்ந்தார்கள். சங்கமாகத் திரண்டார்கள். உரிமையைக் கேட்டார்கள். அத்தோடு நிற்காமல் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது. இரும்புச் சுரண்டியால் பாறையைச் சுரண்டக்கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும். இனப்பெருக்கக் காலத்தில் வேலையை நிறுத்திவிட வேண்டும். அந்த நாட்களில் அடுப்புப் புகையாது என்று தெரிந்தே போட்ட கட்டுப்பாடு அது. அவர்களுடைய தலைவிக்கு 2015-ல் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது. பரிசு கிடைத்ததால் தீவுக் கதவு திறந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தர்மோபதேசிகள் இதைக் கேட்டால் துள்ளிக் குதிப்பார்கள். பார்த்தீர்களா, பெண்களுக்கு நல்ல குணம், ஆண்களுக்குப் பேராசை என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பெண்ணின் சாதனம் அவளுடைய சொந்தக் கை. அதற்கு முதலாளி இல்லை, டீசல் இல்லை, எஞ்சின் கடன் இல்லை. இந்த மாதம் வேரோடு சுரண்டினால் அடுத்த மாதம் அதே பாறைக்கு வெறுங்கையாக வந்து நிற்கப் போகிறவளும் அவளே. நஷ்டம் கோட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒருவன் தலையில் விழவில்லை. ஆகவே அவளுடைய நிலைமை வேறு. ஆனாலும் நிலைமை தானாக அந்த 12 நாள் கணக்கைப் போட்டுக் கொடுக்கவில்லை. வேறு கரைகளில் இதே மாதிரி நிலைமை இருந்தும் ஆளுக்கு முந்தி ஆள் சுரண்டித் தீர்த்த இடங்கள் உண்டு. இங்கே யாரோ ஒருத்தி கூட்டத்தில் எழுந்து, மற்றவர்கள் முறைத்துப் பார்க்க, முதலில் சொல்லியிருக்க வேண்டும்: "நாம கொஞ்ச நாள் விட்டு எடுப்போம்" என்று. இரண்டாவது ஒருத்தி ஆமாம் என்றிருக்க வேண்டும். குணம் நிற்கிற இடம் அதுதான். கூட்டம் கூடின பிறகு கட்டுப்பாடே பழக்கமாகி, பழக்கமே குணமாகிவிடும். இன்று தாயோடு முங்கப் போகிற சிறு பெண்ணுக்கு அது சட்டம் அல்ல, தொழில் முறை.

காரல் மார்க்ஸ் 1845-ல், 27 வயதுக்குள், தன் குறிப்பேட்டில் இதைத்தான் எழுதி வைத்தார். அவர் காலமான பின் 1888-ல் எங்கெல்ஸ் அதை வெளியிட்டார். மனிதன் சூழ்நிலையின் விளைவு என்று சொல்லி நிறுத்திவிட்ட பழைய பொருள்முதல்வாதிகளைப் பார்த்து அவர் கேட்ட கேள்வியின் கருத்து இது: அந்தச் சூழ்நிலையை மாற்றுகிறவர்கள் யார், மனிதர்கள்தானே? போதனை செய்கிறவனுக்குப் போதனை செய்தது யார்? நிலைமையை மாற்றுகிற போராட்டத்திலேயே மனிதன் தன்னையும் மாற்றிக்கொள்கிறான் என்பது அவர் கண்ட முடிவு. நிலைமையா குணமா என்று தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கிற கேள்வியையே அவர் வேறு மாதிரிக் கேட்டார்.

பக்கத்துக் கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கேயும் இழுவைப் படகுகள் மழைக்காலத்தில், மீன் முட்டையிடும் பருவத்தில் கடலைக் கலக்கின. 1980-களில் மீன்பிடித் தொழிலாளிகள் சாலையில் உட்கார்ந்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். சர்க்கார் கமிட்டிக்கு மேல் கமிட்டி போட்டது. 1988-ல் இடதுசாரி ஆட்சியின்போது மழைக்கால இழுவைத் தடை வந்தது. படகு முதலாளிகள் வானம் இடிந்து விழும் என்றார்கள். விழவில்லை. இந்தோனேசியா 1980-லேயே தடை போட்டது. அங்கேயும் சிறு மீனவர்களின் கொந்தளிப்புக்குப் பிறகுதான். இங்கே இப்போது ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. எந்த விசைப்படகும் போவதில்லை. ஒருவன் மட்டும் நிறுத்தினால் அவன் இடத்தில் வேறு ஆள் நிற்பான் என்று சொன்னாரே டிரைவர் தம்பி, எல்லோரும் சேர்ந்து நிறுத்துகிறபோது அந்தப் பயம் இல்லை. அதே மனிதர்கள்தான்!

அப்படியானால் இரு கரை உடன்பாடுகள் ஏன் நிலைக்கவில்லை? 2010 ஆகஸ்டில் சென்னையில் இரு நாட்டு மீனவர் பிரதிநிதிகளும் உட்கார்ந்து பேசினார்கள். ஓராண்டுக்குள் இழுவை மடியை விட்டுவிடுவதாக நம் பக்கம் ஒப்புக்கொண்டது. நல்ல மனதோடுதான் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் விட்ட பிறகு எதைப் பிடித்துப் பிழைப்பது என்பதற்கு இரண்டு சர்க்கார்களும் பதில் வைத்திருக்கவில்லை. 2016 நவம்பரில் டில்லியில் இரு நாட்டு மந்திரிகள் கூட்டுப் பணிக்குழு அமைத்தார்கள். 2017 ஜூலையில் இராமேஸ்வரத்துக்கே பிரதமர் வந்து ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மூன்றே வருஷத்தில் 2,000 இழுவைப் படகுகளை ஒழித்துச் சூரைமீன் பிடிக்கும் தூண்டில் படகுகள் தருவோம் என்றார்கள். 1,600 கோடி ரூபாய்த் திட்டம்.

அதன் கணக்கைப் பார்த்தால் நம் தலைப்புக்குப் பாதி விடை கிடைக்கும். அன்றைய மதிப்பில் ஒரு படகு 80 லட்சம். அதில் 70 சதம், அதாவது 56 லட்சம், மத்திய மாநில சர்க்கார்களின் மானியம். 20 சதம், 16 லட்சம், பாங்குக் கடன். மீதி 8 லட்சம் படகு முதலாளியின் கையிருப்பு. தொழிலாளியின் பெயர் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? எங்குமே வரவில்லை. மாலையில் போய் மறுநாள் காலையில் திரும்புகிற மனிதன் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்க வேண்டும், புதிய தொழில் கற்க வேண்டும். கற்கிற காலத்தில் அவன் வீட்டில் அரிசி வாங்க ஏற்பாடு இல்லை. அவன் முன்பணக் கடனைத் தீர்க்க ஏற்பாடு இல்லை. சின்னப் படகுக்காரருக்கு அந்த 8 லட்சமே மலை. மூன்று வருஷக் கெடு முடிந்தபோது இலக்கின் ஒரு சிறு பகுதிகூட நிறைவேறவில்லை. மீனவன் மாற மறுக்கிறான் என்று அதிகாரிகள் அறிக்கை எழுதினார்கள். மறுபடியும் குணத்தின் மீதே பழி!

ஆகவே, துறைமுகத்தில் நாம் என்ன பேசுவது? தொழிலாளியிடம் இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டும். அக்கரை மீனவனின் வலையை அறுப்பது தவறு, அவனும் உன்னைப் போலக் கடன்பட்டவன், கடலின் தரையை உழுவது நாளை உன் பிள்ளையின் பாட்டை இன்றே தின்பது என்று ஒளிவு மறைவில்லாமல் சொல்ல வேண்டும். அதே மூச்சில், முன்பணத்தை ரத்துச் செய், மாற்றுத் தொழில் கற்கும் காலத்துக்குத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கொடு, புதிய படகில் தொழிலாளிகளின் கூட்டுறவுக்கு உரிமை கொடு, சிறையில் இருப்பவர்களின் குடும்பத்துக்கு முதலாளியும் சர்க்காரும் பொறுப்பேற்கட்டும், சுடுவதையும் அடிப்பதையும் நிறுத்து, இரு கரைத் தொழிலாளிகளும் நேரில் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய் என்ற கோரிக்கைகளை வைக்க வேண்டும். முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் பேசினால் அக்கரையில் நம்மை யாரும் நம்பமாட்டார்கள். இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் பேசினால் நாமும் ஒரு உபதேசிதான்.

தவறு என்று சொன்னால் தொழிலாளி சங்கத்தை விட்டுப் போய்விடமாட்டானா என்று ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். சிலர் போவார்கள். படகு முதலாளிகளின் சங்கம் அவர்களை மாலை போட்டுக்கூட அழைத்துக்கொள்ளும். ஆனால் மடியின் கனம் மாறுவது கையில் தெரிகிறது என்று சொன்ன டிரைவர் தம்பி மாதிரி ஆட்கள் ஒவ்வொரு துறையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் நாம் சொல்லப் போகிறோம். அவர்கள் தனித்தனியாக இருப்பதால் பேசாமல் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை டோக்கன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் துறைமுகத்து டீக்கடைகளில் தொழிலாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். நம் தோழர்கள் இரண்டு இரண்டு பேராகப் போங்கள். கச்சத்தீவைப் பற்றித் தொடங்காதீர்கள், மார்க்ஸைப் பற்றியும் தொடங்காதீர்கள். யாருக்கு எவ்வளவு முன்பணம், எத்தனை வருஷமாக, போன நடையில் பாடு என்ன, முதலாளி பங்கு போக ஆளுக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டு, பெயர் போடாமல் கணக்கை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அடுத்த வகுப்பு அந்த நோட்டிலிருந்து தொடங்கும்.